மதிப்பெண் ஏன் ஏறவில்லை? அக்சஸ், எஸ்கியூஎல் சர்வர் இணைப்பு அட்டவணைகளில் பழுது கண்டறியும் முறை



பள்ளிகளிலும் டியூஷன் மையங்களிலும் மாணவர் பதிவு, மதிப்பெண், கட்டணம் எல்லாம் பெரும்பாலும் ஒரு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கோப்பில்தான் தொடங்கும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வரை தொல்லை இல்லை. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கியதும் கோப்பு திணறும். அப்போது யாராவது தெரிந்தவர் வந்து, தரவை எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றிக் கொடுப்பார். இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பே பள்ளிக்குப் போதும். பழகிய படிவங்களும் அறிக்கைகளும் அக்சஸிலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது இணைப்பு அட்டவணை.

அது ஒழுங்காக ஓடும்போது யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. தேர்வு முடிந்து, அறிக்கை அட்டை அச்சிட இரண்டு நாள் இருக்கும்போது, "மார்க் போட்டேன், ஏற மாட்டேங்குது" என்று ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு எதையாவது அழித்தோ மாற்றியோ வைத்தால், ஒரு வகுப்பின் உழைப்பே போய்விடும். எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக் கூடாது என்பதை வரிசையாகப் பார்ப்போம். எஸ்.பி.எம். கணினி அறிவியல் மாணவர்களுக்கான பயிற்சிக் கேள்விகள் கடைசியில் உள்ளன.

1. இணைப்பு அட்டவணை என்றால் என்ன?

அக்சஸில் அம்புக்குறியும் உலக உருண்டையும் போட்ட சின்னத்தோடு தெரிவதுதான் இணைப்பு அட்டவணை. பெயர் பெரும்பாலும் 'டிபிஓ' என்று தொடங்கி ஓர் அடிக்கோட்டுடன் வரும். சர்வரில் புள்ளி வைத்து எழுதப்படும் பெயரை அக்சஸ் அடிக்கோடாக மாற்றிக்கொள்கிறது.

அந்த அட்டவணைக்குள் மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அக்சஸ் வைத்திருப்பது இரண்டே செய்திகள். ஒன்று, எந்த சர்வர், எந்தத் தரவுத்தளம், எந்த வழி என்று சொல்லும் இணைப்பு வாசகம். மற்றொன்று, இணைத்த அன்று அந்த அட்டவணையில் என்னென்ன புலங்கள், என்ன தரவு வகைகள், எது முதன்மைத் திறவுகோல் என்ற குறிப்பு. தரவு முழுவதும் சர்வரில்தான் இருக்கிறது.

இதிலிருந்து முக்கியமான ஒரு பாடம். அக்சஸில் இணைப்பு அட்டவணையைத் தேர்ந்து அழித்தால், இணைப்பு மட்டும்தான் போகும். தரவு சர்வரில் பத்திரமாக இருக்கும். ஆனால் அட்டவணையைத் திறந்து உள்ளே இருக்கும் வரிகளை அழித்தால், சர்வரில் இருக்கும் உண்மையான பதிவுகளே அழியும். இந்த வித்தியாசம் அலுவலகத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அக்சஸும் சர்வரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஓடிபிசி என்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். ஆகவே பழுது நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்: சர்வர், வலையமைப்பு, ஓடிபிசி இயக்கி, அக்சஸ் கோப்பு.

2. எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்கு படிகள். ஒவ்வொன்றாக ஏறுங்கள். எந்தப் படியில் கால் தடுக்குகிறதோ, அங்கேதான் பழுது.

முதல் படி: சர்வர் கணினியிலேயே உட்கார்ந்து, மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் அந்த அட்டவணையைத் திறந்து பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் அக்சஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் படி: ஆசிரியரின் மடிக்கணினியில் விண்டோஸ் ஓடிபிசி நிர்வாகியைத் திறந்து, புதிய தரவு மூலம் ஒன்றை உருவாக்குங்கள். கடைசித் திரையில் சோதனைப் பொத்தான் இருக்கும். அது வெற்றி என்று சொன்னால் வலையமைப்பும் இயக்கியும் நலம்.

மூன்றாம் படி: புதிய வெற்று அக்சஸ் கோப்பு ஒன்றில் அந்த ஓர் அட்டவணையை மட்டும் இணைத்துப் பாருங்கள்.

நான்காம் படி: பழைய கோப்பு. மூன்றாவது ஓடி, நான்காவது ஓடவில்லை என்றால், பழைய கோப்பில் உள்ள இணைப்பு வாசகமோ குறிப்போ காலாவதியாகிவிட்டது.

பலரும் நேரே நான்காம் படியில் நின்றுகொண்டு மணிக்கணக்காகப் போராடுவார்கள். பத்து நிமிடம் செலவழித்து முதல் மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள்

'ஓடிபிசி அழைப்பு தோல்வி' என்று ஒரு பெட்டி வரும். அக்சஸ் கணக்கில் அதன் எண் 3146. அது "ஏதோ தப்பா போச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. உண்மையான காரணத்தை சர்வர் அதற்குக் கீழே சொல்லியிருக்கும். அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி வரும் எண்கள் இவை:

- 18456: பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை.
- 4060: உள்ளே வந்துவிட்டார், ஆனால் கேட்ட தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை.
- 229: அந்த அட்டவணையில் படிக்கவோ எழுதவோ அனுமதி இல்லை.
- 208: அப்படி ஓர் அட்டவணை இல்லை. பெயர் மாறியிருக்கலாம்.
- 207: அப்படி ஒரு புலம் இல்லை.
- 2627: முதன்மைத் திறவுகோல் இரண்டு முறை வருகிறது.
- 547: அயல் திறவுகோல் விதியோ, மதிப்பு வரம்பு விதியோ மீறப்பட்டது.
- 515: காலியாக விடக் கூடாத புலம் காலியாக இருக்கிறது.
- 2628 அல்லது 8152: எழுத்துகள் புலத்தின் நீளத்தை மீறுகின்றன.

விஷுவல் பேசிக் நிரல் எழுதுவோர் கவனிக்க: பொதுவான பிழைப் பொருளைக் கேட்டால் 3146 மட்டுமே கிடைக்கும். டிபி எஞ்சின் பொருளின் பிழைத் தொகுப்பில் சர்வர் சொன்ன முழுக் காரணமும் இருக்கும். அதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்படி நிரலை எழுதுங்கள்.

4. இணைப்பே கிடைக்கவில்லை

எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவியவுடன் அதே கணினியில் எல்லாம் ஓடும். பக்கத்து அறையிலிருந்து மட்டும் எட்டாது. காரணம், வலையமைப்பு வழியாக வரும் டிசிபி இணைப்பு அதில் தொடக்கத்தில் மூடியே இருக்கும். சர்வரின் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதைத் திறந்து, சர்வர் சேவையை மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்து தீச்சுவர். வழக்கமான சர்வருக்கு டிசிபி வாயில் 1433. எக்ஸ்பிரஸ் போல தனிப் பெயர் கொண்ட சர்வர் நிறுவல்கள் தொடக்கத்தில் மாறும் வாயில் எண்ணைப் பயன்படுத்தும். எந்த வாயில் என்று கேட்பவருக்குச் சொல்லும் வேலையை எஸ்கியூஎல் பிரவுசர் சேவை செய்கிறது. அதற்கு யுடிபி 1434 திறந்திருக்க வேண்டும். சிறிய பள்ளியில் சுலபமான வழி, வாயில் எண்ணை நிலையாக வைத்துவிட்டு, அதை மட்டும் தீச்சுவரில் அனுமதிப்பது.

18456 வந்தால், கடவுச்சொல் சரியா என்று பார்ப்பதோடு இன்னொன்றையும் பாருங்கள். சர்வர் விண்டோஸ் கணக்குகளை மட்டும் ஏற்கும்படி நிறுவப்பட்டிருக்கலாம். தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேலை செய்ய வேண்டுமானால் கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும்.

புதிய இயக்கிக்கு மாறியவர்களுக்கு வேறொரு தலைவலி. ஓடிபிசி இயக்கி 18 முதல், மறையாக்கம் இல்லாமல் இணைப்பதில்லை என்பதே தொடக்க நிலை. சர்வர் தானே தயாரித்த சான்றிதழை இயக்கி நம்பாது. "நேற்று 17 இருந்தப்ப ஓடுச்சு, இன்னைக்கு 18 போட்டதும் நின்னுருச்சு" என்றால் இதுதான் காரணம். முறையான தீர்வு, சர்வருக்கு நம்பகமான சான்றிதழ் வைப்பது. பள்ளிக்குள் மட்டுமே ஓடும் மூடிய வலையமைப்பில், சர்வர் சான்றிதழை நம்பு என்ற தேர்வைக் குறியிட்டும் ஓட்டலாம்.

5. 32 பிட்டா, 64 பிட்டா?

'இயக்கிக்கும் செயலிக்கும் கட்டமைப்பு பொருந்தவில்லை' என்ற பொருளில் பிழை வந்தால், அக்சஸ் ஒரு வகை, தரவு மூலம் மற்றொரு வகை. விண்டோஸ் 64 பிட் என்பதால் அக்சஸும் 64 பிட் என்று நினைத்துவிட வேண்டாம். அக்சஸின் கோப்பு பட்டியலில் கணக்குப் பகுதிக்குப் போய், அக்சஸ் பற்றி என்பதைத் திறந்தால் எந்த வகை என்று எழுதியிருக்கும்.

64 பிட் விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகி இரண்டு உண்டு. இங்கே பெயர்தான் ஆளை ஏமாற்றும். சிஸ்டம்32 உறைக்குள் இருப்பது 64 பிட் நிர்வாகி. சிஸ்வாவ்64 உறைக்குள் இருப்பது 32 பிட் நிர்வாகி. அக்சஸ் எந்த வகையோ, அந்த வகை நிர்வாகியில் தரவு மூலத்தை உருவாக்குங்கள்.

தரவு மூலத்தின் வகையும் முக்கியம். பயனர் மூலம் அல்லது அமைப்பு மூலம் வழியாக இணைத்தால், அக்சஸ் அதன் பெயரை நினைவில் வைத்திருக்கும். அதே பெயர் எல்லா மடிக்கணினியிலும் இருந்தால்தான் கோப்பு ஓடும். கோப்பு மூலம் வழியாக இணைத்தால், சர்வர் விவரம் அக்சஸுக்குள்ளேயே பதிந்துவிடும். இயக்கி மட்டும் இருந்தால் போதும். ஒரே கோப்பைப் பல ஆசிரியர்களுக்குப் பகிரும் இடத்தில் இரண்டாவது முறையே நிம்மதி.

6. பார்க்க முடிகிறது, எழுத முடியவில்லை

அட்டவணை திறக்கும், பெயர்கள் தெரியும், ஆனால் எதையும் மாற்ற முடியாது. புதுப் பதிவு போடும் வரியே இருக்காது. பெரும்பாலும் சர்வரில் உள்ள அட்டவணைக்கு முதன்மைத் திறவுகோல் இல்லை என்று பொருள்.

அக்சஸ் ஒரு பதிவை மாற்ற வேண்டுமானால், சர்வரிடம் "இந்த வரியை மாற்று" என்று அடையாளம் காட்டியாக வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு கவிதா இருந்தால் யாருக்கு மதிப்பெண் போடுவது? தனித்துவமான அடையாளம் இல்லாத அட்டவணையை அக்சஸ் படிக்க மட்டும் அனுமதிக்கிறது.

இணைக்கும்போது அக்சஸ் ஒரு பெட்டியைக் காட்டி, 'தனித்துவ அடையாளத்தைத் தேர்ந்தெடு' என்று கேட்கும். பலர் அவசரத்தில் ரத்து செய்துவிடுகிறார்கள். சிலர் பெயர்ப் புலத்தைத் தேர்ந்துவிடுகிறார்கள். அது அதைவிட ஆபத்து. உண்மையில் தனித்துவம் இல்லாத புலத்தைத் தேர்ந்தால், ஒரே மாணவரின் விவரம் இரண்டு வரியில் திரும்பத் தெரியும். நீங்கள் ஒருவருக்குப் போடும் மதிப்பெண் மற்றவருக்கும் போகலாம்.

தீர்வு சர்வரில்தான். அட்டவணைக்கு முதன்மைத் திறவுகோல் வைத்துவிட்டு, அக்சஸில் இணைப்பை நீக்கி மறுபடி இணையுங்கள். திறவுகோல் இருந்தும் எழுத முடியவில்லை என்றால், அனுமதியைச் சரிபாருங்கள். 229 என்ற எண் வரும்.

7. "வேறொருவர் மாற்றிவிட்டார்" என்ற செய்தி

இது பலரையும் குழப்பும் பழுது. ஆசிரியர் ஒருவர் மட்டும் அலுவலகத்தில் இருக்கிறார். மதிப்பெண்ணை மாற்றிச் சேமித்தால், 'நீங்கள் திருத்தத் தொடங்கிய பிறகு வேறொரு பயனர் இந்தப் பதிவை மாற்றிவிட்டார்' என்று எழுத்து மோதல் பெட்டி வருகிறது. "யாருமே இல்லையே, யார் மாத்தினது?"

அக்சஸ் எப்படிச் சேமிக்கிறது என்று தெரிந்தால் புதிர் அவிழும். பதிவை அது பூட்டி வைப்பதில்லை. சேமிக்கும் நேரத்தில் சர்வருக்கு இப்படிக் கேட்கிறது: திறவுகோல் இதுவாக இருந்து, மற்ற புலங்களும் நான் முன்பு பார்த்த மதிப்பிலேயே இருந்தால், மதிப்பெண்ணை மாற்று. எந்த வரியும் பொருந்தவில்லை என்றால், நடுவில் யாரோ மாற்றிவிட்டார் என்று முடிவு செய்கிறது.

இப்போது 'கட்டணம் செலுத்தினாரா' என்ற ஆம், இல்லை புலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரில் அது பிட் வகை. அதில் ஒன்று, சுழியம், காலி என மூன்று நிலைகள் இருக்கலாம். அக்சஸின் ஆம், இல்லை வகையில் காலி கிடையாது. காலியை அது 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, "அந்தப் புலம் சுழியமாக இருந்தால்" என்று கேட்கிறது. சர்வரில் இருப்பதோ காலி. பொருந்தவில்லை. வராத ஆளின் மேல் பழி விழுகிறது.

தசமப் புள்ளி மிதக்கும் ஃப்ளோட் வகைப் புலங்களிலும் இதே கதை நடக்கும். சர்வரும் அக்சஸும் கடைசி இலக்கத்தில் ஒத்துப்போகாவிட்டால் ஒப்பீடு தோற்கும். மதிப்பெண்ணுக்கு ஃப்ளோட் வேண்டாம். முழு எண்ணோ, நிலையான தசம வகையோ போதும்.

தீர்வு மூன்று படி:

1. பிட் புலங்களில் காலியாக இருப்பவற்றை எல்லாம் சுழியமாக மாற்றுங்கள். மாற்றும் முன் தரவுத்தளத்தைக் காப்பு நகல் எடுங்கள்.
2. அந்தப் புலத்துக்குத் தொடக்க மதிப்பு சுழியம் என்று வைத்து, காலியை அனுமதிக்காதீர்கள்.
3. அட்டவணையில் ரோவெர்ஷன் வகைப் புலம் ஒன்றைச் சேருங்கள். பதிவு மாறும் ஒவ்வொரு முறையும் சர்வர் அதைத் தானே மாற்றும். அது இருந்தால், அக்சஸ் எல்லாப் புலத்தையும் ஒப்பிடாமல் திறவுகோலையும் அந்த ஒரு புலத்தையும் மட்டும் பார்க்கும்.

பிறகு இணைப்பைப் புதுப்பிக்க மறவாதீர்கள். இதற்குப் பின்னும் மோதல் பெட்டி வந்தால், உண்மையிலேயே இரண்டு பேர் ஒரே பதிவைத் தொட்டிருக்கிறார்கள். அல்லது படிவம் திறந்திருக்கும்போதே நிரலும் அதே பதிவை மாற்றுகிறது. அந்தப் பெட்டியைப் படிக்காமல் 'என்னுடையதைச் சேமி' என்று அழுத்தினால், மற்றவர் போட்ட மதிப்பெண் போய்விடும்.

8. எல்லா வரியிலும் 'டிலீட்டட்'

அட்டவணையைத் திறந்ததும் பெயர், மதிப்பெண் எல்லா இடத்திலும் 'டிலீட்டட்' என்ற சொல். பார்த்தவுடன் நெஞ்சு அடைக்கும். பயந்துடாதீங்க. பெரும்பாலும் எதுவும் அழியவில்லை. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

அக்சஸ் முதலில் திறவுகோல்களை மட்டும் வாங்குகிறது. பிறகு "இந்தத் திறவுகோல் உள்ள வரியைக் கொடு" என்று திரும்பக் கேட்கிறது. முதலில் வாங்கிய மதிப்பும் திருப்பி அனுப்பும் மதிப்பும் துளி மாறினாலும் சர்வர் 'இல்லை' என்று சொல்லும். அக்சஸ் அதை அழிக்கப்பட்டதாகக் காட்டுகிறது.

நம் நாட்டில் இதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு: அடையாள அட்டை எண்ணைத் திறவுகோலாக வைப்பது. அதில் 12 இலக்கங்கள். சாதாரண முழு எண் வகை 2,147,483,647 வரைதான் பிடிக்கும் என்பதால், வடிவமைப்பவர் பிக்இன்ட் வகையைத் தேர்ந்துவிடுவார். பழைய அக்சஸுக்கு பிக்இன்ட் தெரியாது. அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு திணறும். அக்சஸ் 2016 காலத்தில்தான் அதற்கான ஆதரவு சேர்க்கப்பட்டது. அந்தத் தேர்வை இயக்கினால், பழைய பதிப்புகளில் அந்தக் கோப்பு திறக்காது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்கும். எண் வகையில் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போய்விடும். அடையாள அட்டை எண்ணை யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. அதை 12 இடங்கள் உள்ள எழுத்து வகையில் சேமியுங்கள். திறவுகோலாக, சர்வர் தானே வழங்கும் வரிசை எண்ணைச் சாதாரண முழு எண் வகையில் வையுங்கள். அடையாள எண் எல்லா அட்டவணையிலும் பரவாமல் இருப்பது மாணவரின் தனியுரிமைக்கும் நல்லது.

அந்த வரிசை எண், பதிவைச் சேமித்த பிறகுதான் திரையில் தெரியும். அக்சஸின் சொந்த அட்டவணையில் தட்டச்சு தொடங்கியதுமே வந்துவிடும். "நம்பர் வரலையே" என்று பதறி, ஒரே மாணவரை இரண்டு முறை பதிவு செய்துவிடாதீர்கள்.

9. சர்வரில் மாற்றினேன், அக்சஸில் தெரியவில்லை

முதல் பகுதியில் சொன்ன குறிப்பை நினைவில் கொள்ளுங்கள். இணைத்த அன்று இருந்த அமைப்பையே அக்சஸ் நம்பிக்கொண்டிருக்கும். சர்வரில் புதிய புலம் சேர்த்தால் அது தெரியாது. புலத்தின் பெயரை மாற்றினால் 207 வரும். பெயர்ப் புலத்தை 10 இடத்திலிருந்து 50 இடமாக நீட்டினாலும், அக்சஸ் பத்துக்கு மேல் தட்டச்சு செய்ய விடாது.

வெளித் தரவுப் பட்டியலில் உள்ள இணைப்பு அட்டவணை மேலாளரைத் திறந்து, அட்டவணையைத் தேர்ந்து புதுப்பித்தால் போதும். சர்வரில் கை வைத்த ஒவ்வொரு முறையும் இதைச் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தேதிப் புலம் அக்சஸில் எழுத்து வகையாகத் தெரிந்தால், விண்டோஸோடு வரும் மிகப் பழைய இயக்கி வழியாக இணைத்திருக்கிறீர்கள். சர்வரின் புதிய தேதி வகைகள் அந்த இயக்கிக்குத் தெரியாது. தேதி வைத்துத் தேடினால் தரவு வகை பொருந்தவில்லை என்று பிழை வரும். இயக்கி 17 அல்லது 18ஐ நிறுவி, அதன் வழியாக மறுபடி இணையுங்கள்.

10. தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக

நமக்கு மிகவும் வேண்டிய பகுதி இதுதான். தமிழில் தட்டச்சு செய்து சேமித்த பெயர், மறுபடி திறந்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள். எழுத்துரு பிரச்சினை என்று நினைத்து எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

சர்வரில் அந்தப் புலம் வார்சார் வகையில் இருக்கிறது. அந்த வகை வழக்கமாக ஒரு குறிமுறைப் பக்கத்துக்குள் அடங்கும் எழுத்துகளை மட்டுமே ஏற்கும். விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பழைய குறிமுறைப் பக்கமே கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டுமே உண்டு. ஆகவே வார்சாரில் நுழையும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக மாறி, அப்படியே சேமிக்கப்படுகிறது. சேமித்த பின் திரும்பப் பெற வழியில்லை. பழைய காப்பு நகலிலிருந்தோ, காகிதப் பதிவேட்டிலிருந்தோ மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டும்.

ஆகவே கேள்விக்குறியைப் பார்த்த உடனே செய்ய வேண்டியது, மேலும் யாரும் தட்டச்சு செய்யாமல் நிறுத்துவது. பிறகு புலத்தை என்வார்சார் வகைக்கு மாற்றி, இணைப்பைப் புதுப்பியுங்கள். எஸ்கியூஎல் சர்வர் 2019 முதல் யூடிஎஃப் 8 ஒழுங்குமுறை வைத்தால் வார்சாரிலும் தமிழ் நிற்கும். ஆனால் பள்ளி அளவில் என்வார்சாரே எளிது.

புலம் சரியாக இருந்தும், நேரடியாக எழுதிய எஸ்கியூஎல் கட்டளை வழியாகப் போன பெயர் மட்டும் கேள்விக்குறியானால், கட்டளையில் தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் 'என்' என்ற பெரிய ஆங்கில எழுத்து விடுபட்டிருக்கும். அதைப் போட்டால்தான் சர்வர் அந்தச் சொல்லை யூனிகோடாக எடுத்துக்கொள்ளும்.

நீளத்தையும் கவனியுங்கள். 'தமிழ்ச்செல்வி' நம் கணக்கில் ஏழு எழுத்து. சர்வர் கணக்கில் 13. மெய்ப்புள்ளி, கொக்கி, கொம்பு ஒவ்வொன்றையும் அது தனி இடமாக எண்ணும். தந்தை பெயரோடு சேர்த்து எழுதும் புலத்துக்கு 100 இடமாவது வையுங்கள்.

11. ஓடுகிறது, ஆனால் நத்தை வேகம்

ஒரு மாணவரின் அறிக்கைக்காக அட்டவணை முழுவதையும் அக்சஸ் தன் பக்கம் இழுத்தால் தாமதம் ஆகும். இரண்டு காரணங்கள் பொதுவானவை. வடிகட்டும் நிபந்தனையில் நீங்கள் எழுதிய விஷுவல் பேசிக் சார்பு இருக்கிறது. அது சர்வருக்குத் தெரியாது. அல்லது, அக்சஸில் உள்ள சொந்த அட்டவணையையும் சர்வர் அட்டவணையையும் ஒரே வினவலில் கோத்திருக்கிறீர்கள்.

சர்வரிலேயே ஒரு காட்சியை உருவாக்கி இணைக்கலாம். அல்லது நேரடி வினவலாக அனுப்பலாம். நேரடி வினவல் சர்வரின் மொழியில் இருக்க வேண்டும். சில எழுத்தை வைத்துத் தேட, அக்சஸில் நட்சத்திரக் குறி. சர்வரில் விழுக்காட்டுக் குறி. 'ஆம்' என்பது அக்சஸில் கழித்தல் ஒன்று, சர்வரில் ஒன்று. 'சுழியம் அல்லாதது' என்று நிபந்தனை எழுதினால் இரண்டு பக்கமும் ஓடும்.

12. கடவுச்சொல் பற்றி ஓர் எச்சரிக்கை

இணைக்கும்போது 'கடவுச்சொல்லைச் சேமி' என்று குறியிட்டால், அது இணைப்பு வாசகத்தோடு அக்சஸ் கோப்புக்குள் வெளிப்படையாகவே எழுதப்படும். அந்தக் கோப்பு யார் கையில் போகிறதோ, அவர் கையில் எல்லா மாணவரின் விவரமும் போகிறது. சர்வரின் தலைமைக் கணக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. முடிந்தால் விண்டோஸ் கணக்கு வழியாக இணையுங்கள். இல்லாவிட்டால், தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கை உருவாக்குங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

நான்காம் படிவத்தில் தரவுத்தளமும் ஐந்தாம் படிவத்தில் எஸ்கியூஎல்லும் படிக்கும்போது, "இதெல்லாம் எதுக்கு?" என்று தோன்றலாம். மேலே பார்த்த பழுதுகள் ஒவ்வொன்றும் பாடநூலில் உள்ள ஒரு கருத்தை மீறியதால் வந்தவை. முயன்று பாருங்கள்.

கேள்வி 1: மதிப்பெண் அட்டவணையில் மாணவரின் பெயரை முதன்மைத் திறவுகோலாக வைத்தால் என்ன ஆகும்?
விடை: ஒரே பெயரில் இரண்டு மாணவர் இருக்கலாம், தனித்துவம் கெடும். இரண்டாமவரைச் சர்வர் ஏற்காது. பெயர் திருத்தப்பட்டால் தொடர்புள்ள அட்டவணைகளும் பாதிக்கப்படும்.

கேள்வி 2: மாணவர் அட்டவணையில் இல்லாத மாணவர் எண்ணுக்கு மதிப்பெண் போட்டால் 547 என்ற பிழை வருகிறது. ஏன்?
விடை: மதிப்பெண் அட்டவணையில் மாணவர் எண் ஓர் அயல் திறவுகோல். அது மாணவர் அட்டவணையில் உள்ள ஒரு முதன்மைத் திறவுகோலைச் சுட்ட வேண்டும். இந்த விதியின் பெயர் மேற்கோள் ஒருமைப்பாடு.

கேள்வி 3: அடையாள அட்டை எண்ணுக்கு எழுத்து வகை ஏன் பொருத்தம்? இரண்டு காரணம் தருக.
விடை: முன்னால் வரும் சுழியம் காக்கப்படும். அதை வைத்துக் கணக்குச் செய்வதில்லை.

கேள்வி 4: பிட் புலத்தில் சுழியத்துக்கும் காலிக்கும் என்ன வேறுபாடு?
விடை: சுழியம் என்பது 'இல்லை' என்ற விடை. காலி என்பது விடையே தரப்படாத நிலை.

சுவரில் ஒட்டி வைக்க

1. எதையும் மாற்றும் முன் காப்பு நகல்.
2. பிழை எண்ணைக் குறித்துக்கொள்.
3. சர்வர், ஓடிபிசி, வெற்றுக் கோப்பு, பழைய கோப்பு என்று வரிசையாகச் சோதி.
4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.
5. சர்வரைத் தொட்டால் இணைப்பைப் புதுப்பி.
6. கேள்விக்குறி தெரிந்தால் தட்டச்சை நிறுத்து.

அலுவலகத்தில் இதை அறிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில்தான் பழுது வரும். இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.